பக்கத்து வீட்டுக்கு ஒரு வயர்

என் கணவர் மூக்கில் குழாய் மாட்டி வாழத் தொடங்கி அப்போது இரண்டு வருடம். கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில், உருட்டுவதற்குச் சில்லு வைத்த ஒரு மெசின் நிற்கும். அறையின் காற்றை இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, நிமிடத்துக்கு மூன்று லீற்றர் என்று குழாயில் அனுப்பும். கரண்டில் ஓடுகிற சாமான். கரண்ட் நின்றால் முதல் ஐந்து நிமிடம் அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பேச்சு குறையும். பிறகு உதடு நிறம் மாறும். இதை நான் ஒரு தடவை முழுதாகப் பார்த்தவள்.

அவர் முப்பது வருடம் நெல் ஆலையில் இன்ஜின் ஓட்டியவர். உமித்தூசும் டீசல் புகையும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புகையால இல்ல டொக்டர், தூசாலதான்" என்று இன்ஜினுக்காக வாதாடினார். டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மாவட்டச் செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள். கடுகடுப்பானவள் என்று அங்கே பெயர். அது பொய்யில்லை. படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரும் பரிதாபப்பட வேண்டாம், வீட்டில் எத்தனை பேர் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன். நாவற்குடாவில் வாவிப் பக்கமாக எங்கள் வீடும் வளவும். நானும் அவரும் அந்த மெசினும்தான்.

ஜெனரேட்டர் என்ற பேச்சு வந்தது ஒரு மார்கழி மழைக்குப் பிறகு. காற்று அடித்து எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்து, காலையில் போன கரண்ட் வரவேயில்லை. அவசரத்துக்கு என்று ஒரு சிறிய சிலிண்டர் வைத்திருந்தோம். அது இரண்டு மணித்தியாலம் தாங்கும். ஒன்றரை மணித்தியாலம் வரை இப்போ வந்துவிடும், இப்போ வந்துவிடும் என்று நான் இருந்தேன். அது என் பிழை. பிறகு பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டு, வெள்ளத்துக்குள் உருட்டி, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் என் பெயரை மாற்றிச் சொன்னார். தன் அக்காவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பயம் வந்ததில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சொன்னேன், ஜெனரேட்டர் வாங்குகிறோம் என்று. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மனிதன் மாதிரி இல்லை. கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி இருந்தார். "டீசல்தான் எடுக்கணும்" என்றார். "பெற்றோல் இன்ஜின் எல்லாம் விளையாட்டுச் சாமான்."

நான் ஒரு கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு எழுதினேன். மெசினுக்கு எவ்வளவு இழுக்கும், ஒரு ஃபேன், இரண்டு பல்ப், ஃப்ரிட்ஜ் வேண்டுமா வேண்டாமா. பற்றரி வாங்கிவைத்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். பற்றரி நாலைந்து மணித்தியாலத்தோடு கையை விரித்துவிடும், மரம் விழுந்தால் அது காணாது. அதனால் பற்றரியை வெட்டினேன். டீசலையும் வெட்டினேன். டீசல் மெசினை நாலு பேர் தூக்க வேண்டும், சத்தம் காது கிழியும், கிளப்புவதற்கு ஒரு ஆம்பிளையின் தோள் வேண்டும். கயிறு இழுக்கப்போவது அவர் இல்லை, நான். என் வயதும் என் தோளும் எனக்குத்தான் தெரியும்.

"சாவி போட்டுக் கிளப்புறது இரிக்கே" என்றார்.

"அதுக்கு ஒரு பற்றரி வேணும். இந்த உப்புக் காத்துக்கு அது ஆறு மாசத்தில பூத்துப்போகும். பிறகும் நான்தான் இழுக்கணும்."

இன்ஜின் விசயத்தில் அவரை நான் வாயடைக்க வைத்தது அதுதான் முதல் தடவை. சந்தோசமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு என்ன.

காத்தான்குடியில் ஒரு கடையில் போய்ப் பார்த்தோம். சிலிண்டரை ஒரு பையில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் போனோம். இந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர், ஓட்டோ ஓடுகிறவர், எங்களுக்கு வடக்குப் பக்க வளவு. பின்னேரம் ஆனால் எங்கள் அறை யன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து இவரோடு கதைப்பார். உள்ளே வரமாட்டார். தான் சுருட்டுக் குடிக்கிறவர், ஒட்சிசன் இருக்கிற அறைக்குள் தன் சட்டை மணம்கூட வரக்கூடாது என்று ஒரு கணக்கு அவருக்கு. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எங்களை வெள்ளத்துக்குள்ளால் கொண்டுபோனதும் அவர்தான்.

கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள், நல்ல வியாபாரி. கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், பிறகுதான் சாமானைக் காட்டினார். இவர் மூன்று மெசினைக் கிளப்பச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூக்கில் குழாயோடு ஒரு மனிதன் கடை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதைத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாவது மெசினில் கையை உயர்த்தினார். "இது ஒழுங்கா மூச்சு விடுது" என்றார்.

நானா என்னைக் கேட்டார்: "அக்கா, எத்தின வீட்டுக்கு எடுக்கிறீங்க?"

"ஒரு வீட்டுக்கு."

"இல்ல, சும்மா கேக்கன். ஒரு வீட்டுக்கு எண்டுதான் எல்லாரும் எடுக்கிற. பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு வயர் போகும். முன் வீட்டுக்கு ஒரு வயர் போகும். கோவிக்காதீங்க, இதுக்கு அடுத்த சைஸ் எடுங்க. அக்கம்பக்கத்தையும் கணக்கில வெச்சாத்தான் பிறகு மனத்தாங்கல் வராது."

பெரிய சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். "நானா, இது ஒரு ஆள் மூச்சு விடுறதுக்கு. ஊருக்கு வெளிச்சம் போட இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எங்களைக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி வேறு பக்கம் பார்த்தார். நானா சிரித்துக்கொண்டு, "சரிக்கா, அல்லாஹ் சுகத்தத் தரட்டும்" என்று சொல்லி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

ஆக, இவர் காதால் தெரிந்தெடுத்த மெசினை நான் சொன்ன அளவில் வாங்கிக்கொண்டு வந்தோம். என் கொப்பிக் கணக்குக்கு அது சரியாக இருந்தது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

அதை எங்கே வைப்பது என்பதில் பெரிய சண்டை. வயரிங் வேலை செய்கிறவர், பாஸ் என்று கூப்பிடுவோம், வந்து வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெருப்போடு சம்பந்தப்பட்டது அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். சமைக்கிற குசினிக்கே அந்த மூலை பார்க்காத வீடு இது. நான் காற்றைப் பார்த்தேன். ஜெனரேட்டர் புகை கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்லும் என்று கடையில் தந்த தாளில் போட்டிருந்தது. மாரியில் வாடை அடிக்கும், கோடையில் வாவிக்கு மேலால் கச்சான் காற்று அடிக்கும். எந்தக் காற்றில் புகை எங்கே போகும் என்று சாம்பிராணித் தட்டோடு வளவின் நாலு மூலையிலும் போய் நின்றேன். பைத்தியம் என்று பாஸ் நினைத்திருப்பார். வடமேற்கு மூலைதான் சரிவந்தது. வாடையில் புகை வாவிப் பக்கம் போகும். கச்சானில் பக்கத்து வளவுக்குப் போகும். நடுவில் அரைச் சுவர் மதில் ஒன்றுதான்.

இவருக்கும் அந்த மூலை பிடித்துவிட்டது. அவருடைய அறையில் இருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். "கண்ணுக்குத் தெரியாட்டியும் காதுக்குத் தெரியணும்" என்றார். "இன்ஜின் றைவருக்கு அதுதான் வேணும்."

பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்தான் கேட்டேன். கச்சான் காலத்தில் உங்கள் பக்கம்தான் புகை வரும், சம்மதமா என்று. எழுத்தில் வாங்கியிருப்பேன், அவ்வளவுக்குப் போக வெட்கமாக இருந்தது. அவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "வரட்டும், வரட்டும். நான் குடிக்கிற சுருட்ட விடவா?" என்றார். அதோடு விடவில்லை. மதிலோடு நின்ற தன்னுடைய முருங்கையில் இரண்டு பெரிய கொப்பைத் தானே ஏறி வெட்டித் தந்தார், எங்கள் தகரக் கூரைக்கு இடம் வேண்டும் என்று. காய்த்துக்கொண்டு நின்ற கொப்பு.

பாஸ் சீமெந்தில் மேடை கட்டினார். வெள்ளம் எங்கள் வளவில் முழங்காலுக்கு ஏறும். அதனால் தொடையளவு உயர்த்தச் சொன்னேன். நாலு கம்பி, மேலே தகரம், பக்கம் எல்லாம் திறந்தபடி. வீட்டுக்குள்ளே ஒரு மாற்றுச் சுவிட்ச் போட்டார். மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் எங்கள் கரண்ட். ஜெனரேட்டரில் இரண்டு பிளக் ஓட்டை இருந்தது. ஒன்றில் இருந்து வீட்டுக்கு வயர். மற்றது சும்மா கிடந்தது. நான் செய்ய வேண்டியதைப் பதினொரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எண்ணெய் பார், பெற்றோல் திற, மூடியை இழு, கயிறு இழு. முதல் நாள் ஒன்பது தடவை இழுத்தேன். இவர் யன்னலுக்குள் இருந்தபடி, "முழங்கையால இழுக்காத, இடுப்பால இழு" என்று கத்தினார். கத்தக் கூடாத மனிதன். பத்தாவது தடவை கிளம்பிற்று. அவர் கட்டிலில் இருந்து கையைத் தட்டினார்.

அதற்குப் பிறகு கரண்ட் நின்றபோதெல்லாம் மூன்று நிமிடத்தில் கிளப்பப் பழகிவிட்டேன். நானா சொன்னது போலவே ஊரும் வந்தது. முதலில் ஃபோன் சார்ஜ் போட. பிறகு ஒரு பிள்ளைக்குப் பரீட்சை, இரண்டு மணித்தியாலம் வெளிச்சம் வேண்டும். பிறகு ஒருவர் ஆவி பிடிக்கும் மெசினைக் கொண்டுவந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தேன். கொப்பியில் மிச்சம் இருந்த கணக்குக்குள் அதெல்லாம் அடங்கியது. பக்கத்து வீட்டில் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கச்சானில் புகை அவர்களுடைய குசினிக்குள் போனபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனிசி யன்னலைச் சாத்திக்கொள்ளும்.

அடுத்த ஆடி மாதம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனார். நெஞ்சு நோகுது என்று சொல்லி ஓட்டோவுக்குள்ளேயே சரிந்தவர். என் கணவர் கேள்விப்பட்டதும் அழவில்லை. "நான் இரிக்கிறன், அவன் போயிட்டான்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அடக்கம் அடுத்த நாள் பின்னேரம். அந்த நாள் பார்த்துத் திருத்த வேலை என்று காலை எட்டரையில் இருந்து ஐந்து மணி வரைக்கும் கரண்ட் இல்லை. முதலே அறிவித்திருந்தார்கள். நான் எட்டு மணிக்கே பெற்றோல் ஊற்றித் தயாராக நின்றேன். ஒன்பது மணி போல் இவரைச் செத்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சிலிண்டரை ஒரு கையில் இழுத்து, அவரை மறு கையில் பிடித்துக்கொண்டு. அரை மணித்தியாலம் என்று சொல்லித்தான் போனோம். அவர் எழும்பவில்லை. கூட்டாளியின் காலடியில் கதிரையைப் போட்டு ஒன்றே முக்கால் மணித்தியாலம் இருந்தார். கூட்டி வரும்போது சிலிண்டரின் முள் சிவப்புக்குள் கிடந்தது. நிரப்புவதற்கு நாளைக்கு அனுப்பலாம், இன்றைக்கு ஜெனரேட்டர் ஓடுகிறதுதானே என்று மூலையில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு அந்த வீட்டு மூத்த மகன் மதிலடிக்கு வந்தான். முப்பது வயது ஆள், கண் வீங்கியிருந்தது.

"மாமி, கேக்கக் கூடாது. சனம் வேகுது. அப்பாட தலமாட்டுக்கு ஒரு ஃபேன், சனத்துக்கு ஒரு ஃபேன், ஐயாட மைக். அவ்வளவுதான். ஒரு வயர் தரலாமா?"

நான் பதில் சொல்வதற்கு முதல் யன்னலுக்குள் இருந்து இவருடைய குரல் வந்தது. "குடு புள்ள. இதக் கேக்கவும் வேணுமா?"

செத்த வீட்டுக்கு இல்லை என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. கதிரை, சோறு ஆக்குகிற கிடாரம், தண்ணீர்த் தாங்கி, வாகனம், எது கேட்டாலும் கொடுப்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகூடக் கொடுக்கும். எனக்கும் அது தெரியும். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இரண்டு ஃபேன், ஒரு மைக். தாங்கும். "ரெண்டு ஃபேனும் மைக்கும்தான் மகன். வேற ஒண்டும் போடக் கூடா. இஞ்ச ஒரு உயிர் இதில ஓடுது" என்றேன். அவன் தலையாட்டினான். சும்மா கிடந்த பிளக்கில் வயரைக் குத்தி மதிலுக்கு மேலால் எறிந்தேன்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மற்ற ஆட்கள் யாருக்கும் எங்கள் பேச்சு தெரியாது. வயர் கட்டுகிற ஒருவர், வீட்டு மெயினை நிற்பாட்டிவிட்டு, எங்கள் வயரின் மறுமுனையைச் சுவரில் இருந்த பிளக்குக்குள் குத்திவிட்டார். இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். அப்படிக் குத்தினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும், தனித்தனியாக வயர் இழுக்கத் தேவையில்லை. எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் ஓடும்.

ஒரு மணி போல் நானும் செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. இவரைக் கட்டிலில் இருத்தி, மெசின் ஓடுவதைப் பார்த்து, ஃபோனைக் கையில் கொடுத்து, ஏதாவது என்றால் ஒரு அடி அடியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பெண்களோடு பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். தலைமாட்டில் ஃபேன் சுற்றியது. கிரியை செய்ய வந்த ஐயா மைக்கில் அதற்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் தண்ணீர் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் தளர்ந்தது. இலை இலையாக எண்ணலாம் போல மெதுவாகச் சுற்றியது. மைக்கில் ஐயாவின் குரல் தடித்து இழுபட்டது. எழும்பப் போனேன். எழும்புவதற்குள் ஃபேன் திரும்பவும் வேகம் பிடித்துவிட்டது. குரலும் சரியாகிவிட்டது. பெருமூச்சு விட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "சின்ன சாமான் எண்டாலும் தாங்குது பாருங்க" என்று சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தேன். பிறகு முகம் கழுவலாம் என்று கிணற்றடிக்குப் போனால், தாங்கிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஜெனரேட்டரில். என் கொப்பியில் அந்த மோட்டருக்கு இடமே இல்லை. மோட்டரும் எங்கள் மெசினும் ஒன்றாக ஓட வழியே இல்லை. அப்படியென்றால் எது ஓடவில்லை?

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

அவர் கட்டில் விளிம்பில் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளை உயர்த்தி, முன்னுக்குச் சரிந்து. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த அதே நிறம் உதட்டில். மெசின் சத்தமில்லாமல் நின்றது. கரண்ட் போகவில்லை, மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மெசினின் சுவிட்ச் நிற்பாட்டினபடி கிடந்தது. ஃபோன் பக்கத்தில் அப்படியே இருந்தது. அவர் எனக்கு அடிக்கவில்லை.

கையை வெளியே காட்டினார். போய்ப் பார்க்காதே என்கிறாரா, விடு என்கிறாரா தெரியவில்லை. நான் சுவிட்சைத் தட்டினேன். மெசின் எழும்ப முடியாமல் கீச் கீச் என்று அலாரம் அடித்தது. வெளியில் இன்ஜின் இருமியது. பின் வாசலால் ஓடிப்போய் மதிலுக்குப் போகிற வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் ஐயாவின் குரல் பாதியில் அறுந்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் ஒரு கணம் நிறுத்தினார்கள். மதிலுக்கு மேலால் எல்லா முகமும் என்னைப் பார்த்தது. என் கையில் வயர் தொங்கியது. உள்ளே போய்விட்டேன்.

அவருடைய உதடு பழைய நிறத்துக்கு வர அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். பேசுகிற அளவுக்கு வந்ததும் கேட்டேன்.

"மெசின் தானா நிண்டதா, நீங்க நிப்பாட்டினீங்களா?"

"நான்தான்."

"ஏன்?"

"இன்ஜின் முக்கிச்சு. கேட்டுது. இன்னும் ரெண்டு நிமிசம் போனா நிண்டிருக்கும். எல்லாருக்கும் நிண்டிருக்கும்." மூச்சு எடுத்துக்கொண்டார். "மில்லில சுமை கூடினா ஒரு பெல்ற்றக் கழட்டிவிடுற. ஆரையாவது கழட்டத்தானே வேணும்."

"அவங்கட வயரக் கழட்டச் சொல்லி எனக்கு அடிச்சிருக்கலாம்தானே?"

"செத்த வீடு புள்ள."

"நீங்களும் செத்திருப்பீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். "எனக்கும் கிட்டத்திலதானே. நாளைக்கு என்னத் தூக்க நாலு பேர் வரணும். அவங்கதான் வரணும். உன்னால தூக்க ஏலுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நாற்பது வருடத்தில் அந்த மனிதரோடு எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறேன், கையில் இருந்த கோப்பையை எறிய வேண்டும் போல் இருந்தது அன்றைக்குத்தான். "தூக்க நாலு பேர் உங்களுக்கு வேணும். எனக்கு இரிக்கிறதுக்கு நீங்க ஒராள் வேணும். அத ஆரிட்டப் போய்க் கேக்கிற?" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் என் கையைப் பிடித்தார்.

மூன்று மணிக்குப் பறை கேட்டது. மைக் இல்லாமல், ஃபேன் இல்லாமல், ஓலை விசிறியோடு மிச்சத்தைச் செய்து முடித்திருந்தார்கள். பிரேதம் எங்கள் வாசலால்தான் போனது. குழாய் எட்டும் தூரத்துக்கு அவரை முன் யன்னலடியில் நிற்க வைத்தேன். கும்பிட்டார். தூக்கிக்கொண்டு போனவர்களில் இரண்டு பேர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த மனிசி இலை போட்டு எனக்குத் தன் கையாலேயே சோறு வைத்தது. வயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகன் மட்டும் கை கழுவும் இடத்தில் வந்து, "மாமி, மோட்டர ஆர் போட்டெண்டு எனக்குத் தெரியா" என்றான். "தெரியும் மகன்" என்றேன். உண்மையில் எனக்கு அவர்கள் யாரோடும் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது. அது கொஞ்ச நாள் இருந்தது.

பெரிய ஜெனரேட்டராக மாற்றலாமே என்று கேட்டவர்கள் உண்டு. சைஸ் எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் ஒரு நாள் அதற்கு மேல் சுமை வரும். வந்தால் இவர் முதலில் எதைக் கழட்டுவார் என்று எனக்கு இப்போது தெரியும்.

அடுத்த கிழமை வயரிங் பாஸைக் கூப்பிட்டேன். என் கணவரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை, பழைய பத்திரங்களும் தையல் மெசினும் கிடந்தது. காற்று வர யன்னல் இருந்தது. அதைத் துப்புரவாக்கி, ஒட்சிசன் மெசினை அதற்குள் உருட்டச் சொன்னேன். நடுச் சுவரில் குழாய் வருகிற அளவுக்கு ஒரு துளை. பிளக் அந்தப் பக்கம், சுவிட்ச் அந்தப் பக்கம். கதவுக்கு ஒரு ஆமைப்பூட்டு.

"என்னத்துக்கு மிஸ் பூட்டு?" என்று பாஸ் கேட்டார்.

"சத்தம் கூட. இரவில நித்திர இல்ல" என்றேன். பூட்டினால் சத்தம் குறையுமா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பாஸ் போன பிறகு கதவைப் பூட்டி, பூட்டின் திறப்பை ஊசியில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டினேன். இவர் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மெசின் ஓடுற சத்தம் கேக்குதில்ல" என்றார்.

"காத்து வருதா?"

மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். "வருது."

"பிறகென்ன?"

விரலை எடுத்துவிட்டுச் சுவரில் இருந்த துளையைப் பார்த்தார். பிறகு, "திறப்பு?" என்றார்.

"என்னட்ட இரிக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் ஏழு மாதம் இருந்தார். ஒரு நாளும் அவர் அந்தத் திறப்பைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.